அலுமாரியை இங்கிலீஷில் கட்டிய கதை

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்லுகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எப்படித்தான் அவர்களால் முடிகிறதோ. பக்கத்து வீட்டுக்காரன் கொஞ்சம் கம்பீரமாகத் தும்மினால்கூட எனக்கு ஒரு மாதிரி இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் இந்தப் பொறாமையை ஊர் முழுக்கப் பங்கு போட்டு வைத்திருந்தேன். கல்யாணம் ஆன பிறகு எல்லாவற்றையும் திரட்டி ஒரே ஆள் தலையில் வைத்துவிட்டேன். அந்த ஆள் என் சகலை தேவராஜ். என் மனைவி மாலாவின் அக்கா புருஷன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சார்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். மனுஷன் தங்கம். குடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார், பெருமை அடிக்க மாட்டார். என்னைக் கண்டால் "வாங்க சகலை" என்று எழுந்து நின்று நாற்காலியைத் தள்ளி விடுவார். இப்படிப்பட்ட ஆளை எந்தச் சாக்கில் வெறுப்பது, சொல்லுங்கள். (மாலா இதைப் படித்தால், "வெறுக்கிறதுக்கு இவருக்குச் சாக்கு வேற வேணுமா" என்பாள். படிக்கட்டும்.)

நான் தலவாக்கலையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். கயிறு, ஆணி, கதவுப் பிணைச்சல், பைப்பு, இதுதான் என் உலகம். எது கழன்றாலும் மாட்டுவேன், எது அவிழ்ந்தாலும் கட்டுவேன். நான் போட்ட முடிச்சை நானே மனது வைத்தால்தான் அவிழ்க்க முடியும் என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட எனக்கு முதல் கொள்ளி விழுந்தது லிந்துலையில், தோட்டத்து லயத்து வரிசையில், மாமனார் வீட்டு வாசலில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வழி தவறிய ஒரு வெள்ளைக்காரப் பையன் மலைப் பாதையில் இறங்கி வந்து நின்றான். அவனுடைய முதுகுப் பையின் வார் பிய்ந்து தொங்கியது. நான்தான் பாதி ரொட்டியில் எழுந்து போனேன். பையை வாங்கி, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் நைலோன் நூலால் வாரைக் கோத்து, இறுக்கி, முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துக் கொடுத்தேன். அந்த நேரம் பூராவும் தேவராஜ் செய்தது ஒன்றே ஒன்று. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஹீ வில் ரீஅட்டாச் இட் ஃபோர் யூ" என்றார்.

வேலை முடிந்ததும் அந்தப் பையன் தேவராஜின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினான். எனக்கு ஒரு தலையாட்டல் கிடைத்தது. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மாலா, "என்ன அழகாப் பேசுறாரு பாருங்க எங்க அத்தான்" என்றாள். யாரிடம் சொன்னாள்? என்னிடம். மிச்ச நூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னிடமே சொன்னாள்.

ரீஅட்டாச் பண்ணியது நான். ரீஅட்டாச் என்று சொன்னது அவர். பெயர் வாங்கியது யார்? அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. (இறங்கியது. ஆனால் ருசிக்கவில்லை.)

மறுநாளே ஃபோனில் அந்த வார்த்தையைத் தேடிப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அது தனியாள் இல்லை, பெரிய குடும்பம். ரீஃபாசன், ரீஃபிக்ஸ், ரீகனெக்ட், ரீஜாயின், ரீடை, ரீசெக்யூர், ரீஹூக் என்று அண்ணன் தம்பிகள் வரிசையாக நின்றார்கள். தமிழில் 'திரும்பக் கட்டு', 'திரும்ப மாட்டு' என்று சொல்லிவிட்டுப் போகிற காரியத்துக்கு வெள்ளைக்காரன் இத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் சகலைக்கு ஒரு வார்த்தைதானே தெரியும், எனக்கு முழுக் குடும்பமும் தெரிந்தால்?

ஆணி நிறுத்தும்போது மனப்பாடம் பண்ணினேன். கயிறு அளக்கும்போது ஒப்பித்தேன். எது எதற்கு வரும் என்றும் ஃபோன் சொல்லிப் பார்த்தது. ரீகனெக்ட் கரண்டுக்கும் கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்களுக்குமாம். ரீஜாயின் வேலையை விட்டுப் போனவன் திரும்பி வந்து சேருவதாம். அந்த நுணுக்கத்தில் எல்லாம் நான் இறங்கவில்லை. எனக்கு வேண்டியது எண்ணிக்கை. ஒரு ஆள் பைப்பு வாங்க வந்தார். "ரீஃபிக்ஸ் பண்ணப் போறீங்களா, ரீஜாயின் பண்ணப் போறீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். முதலாளி கணக்கு மேசையிலிருந்து தலையைத் தூக்கி, "ஒனக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

என் ஆசை ரொம்பச் சின்ன ஆசை. மாலா ஒரே ஒரு தடவை, அதே குரலில், "என்ன அழகாப் பேசுறாரு" என்று என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வெள்ளைக்காரன் வேண்டும், கழன்ற சாமான் ஒன்று வேண்டும், மாலா பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகக் கூடி வந்தது மாலாவின் தங்கச்சி சுகந்தியின் கல்யாணத்தன்று.

மாப்பிள்ளை கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அங்கே பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளை அதில் சமையல். பங்களாவில் தங்கியிருந்த ஒரு வயசான வெள்ளைக்காரத் தம்பதி அவர் கைச் சாப்பாட்டில் மயங்கி, கல்யாணத்துக்கு வருவதாக ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அன்று காலையில் எங்கோ சுற்றிவிட்டு ரயிலில் வட்டகொடைக்கு வருவார்கள், அங்கே த்ரீவீலர் நிற்கும், பெண் வீட்டுக்காரர்கள் வரும் வழியில் அவர்களையும் கூட்டி வர வேண்டும் என்று ஏற்பாடு.

மாமனார் வேலையைப் பிரித்தார். "வெள்ளக்காரவுங்கள பெரிய மருமகன் பாத்துக்குவாரு. லொறியில சாமான் கட்டுறது சின்ன மருமகன்." சபையில் யாரும் மறுக்கவில்லை. அவருக்கு வெள்ளைக்காரன், எனக்குக் கயிறு. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாமான் என்றால் முக்கியமாக அலுமாரி. சுகந்திக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த ரெண்டு கதவு அலுமாரி. சேலைகளை அதிலேயே அடுக்கி, நிமிர்த்தி, லொறியில் ஏற்றினோம். நான் குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டுக் கட்டினேன். லொறியையே தலைகீழாகக் கவிழ்த்தாலும் அலுமாரி அசையாது, அப்படி ஒரு கட்டு. (இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். கேட்கத்தான் ஆள் இல்லை.)

லொறி முன்னால், பெண்ணும் பொம்பளைகளும் மாமனாரும் தேவராஜும் வேனில் பின்னால். வட்டகொடையில் தேத்தண்ணிக் கடைப் பக்கம் நிறுத்தினோம். வெள்ளைக்காரத் தம்பதி வந்து இறங்கியிருந்தார்கள். தேவராஜ் போய்க் கும்பிட்டு, அழகாகப் பேசி, அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மாமியார் நெஞ்சில் கையை வைத்தார்.

"ஐயோ, மஞ்சள் குங்குமத்த அலுமாரிக்குள்ள வச்சிப் பூட்டிட்டேன். அது தாம்பாளத்துல இல்லாம மாப்பிள்ள வீட்டு வாசல்ல எப்பிடி எறங்குறது?"

நான் லொறியில் ஏறினேன். கயிற்றை முழுக்க அவிழ்த்தால்தான் கதவு திறக்கும். அவிழ்த்தேன். மாமியாரைத் தூக்கி மேலே ஏற்றினோம். அவர் திறந்தார், எடுத்தார், சாத்தினார், இறங்கினார். (பூட்டினாரா இல்லையா என்பது அவருக்கே இன்றைக்கும் சந்தேகம். அந்தச் சந்தேகம் ஆறிப்போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.) கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடி கட்டுவதற்குத் திரும்பினேன்.

வெள்ளைக்கார அம்மா கீழே இருந்து என்னைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று தேவராஜிடம் கேட்டார். தேவராஜ் சொன்னார்: "ஹீ இஸ் கோயிங் டு டை இட் எகெய்ன்."

டை இட் எகெய்ன். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் சொல்லுகிற இங்கிலீஷ். இத்தனை வருஷமாக இந்த மனுஷனைப் பார்த்தா வயிறு எரிந்தேன்? மாலா கையில் தேத்தண்ணியோடு பக்கத்திலேயே நின்றாள். வெள்ளைக்காரன் இருக்கிறான், கழன்ற சாமான் இருக்கிறது, மாலா இருக்கிறாள். நான் லொறியிலிருந்து குதித்தேன்.

"யெஸ் மேடம்," என்றேன். "நவ் ஐ வில் ரீடை. ஐ வில் ரீஃபாசன். ஐ வில் ரீசெக்யூர். ஐ வில் ரீஅட்டாச், ரீஃபிக்ஸ், ரீஹூக், ரீகனெக்ட் அண்ட் ரீஜாயின் தி அலுமாரி."

தேத்தண்ணிக் கடையே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா கையைத் தட்டி, "வாட் வண்டர்ஃபுல் இங்கிலீஷ்" என்றார். அவர் புருஷன் என் முதுகில் தட்டினார். தேவராஜ், அந்தத் தங்கமான மனுஷன், மனதாரச் சிரித்து, "வெரி குட் சகலை" என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. மாலாவைப் பார்த்தேன். அவள் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண்ணில் ஒரு வெளிச்சம். என்னவோ சொல்ல வந்தாள்.

சொல்லுவதற்குள் அந்த வெள்ளைக்கார அம்மா, "எங்கள் கூடவே வாருங்கள், வழியெல்லாம் பேசிக்கொண்டு போகலாம்" என்று என் கையைப் பிடித்து த்ரீவீலருக்கு இழுத்தார். தேவராஜை இல்லை, என்னை. லொறி டிரைவர் பந்துல ஜன்னலில் தலையை நீட்டி, "ஹரித மல்லி?" என்றார். சிங்களத்தில் சரியா தம்பி என்று கேட்கிறார். நான் இங்கிலீஷ் மயக்கத்திலேயே, "ஹரி, ஹரி" என்று கையை ஆட்டினேன். பந்துல வண்டியை எடுத்தார்.

யாரும் ஏன் கேட்கவில்லை என்று பிற்பாடு பெரிய விசாரணை நடந்தது. எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: அத்தனை தடவை கட்டுவேன் கட்டுவேன் என்று சொன்னானே, ஒரு தடவையாவது கட்டியிருப்பான் என்று நினைத்தோம்.

லொறி முன்னால், எங்கள் த்ரீவீலர் அடுத்து, வேன் கடைசியில். நான் ரெண்டு வெள்ளைக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து, வழியில் கண்ட பொருளை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டு போனேன். பாலத்தைக் காட்டி ரீஜாயின் என்றேன். கரண்டுக் கம்பியைக் காட்டி ரீகனெக்ட் என்றேன். ஆட்டைக் கட்டியிருந்ததைக் காட்டி ரீடை என்றேன். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் "லவ்லி" என்றார். தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் குண்டும் குழியும் ஆரம்பித்தது. அந்த அம்மா முன்னால் கையைக் காட்டி, அலுமாரி ஆடுகிற மாதிரி இருக்கிறதே என்றார்.

"நோ நோ மேடம். ஐ ரீசெக்யூர்ட்."

அவர் புருஷன் அதிகம் பேசாதவர். கொஞ்ச நேரமாக என் தோளையே பார்த்துக்கொண்டு வந்தார். இப்போது ஒரு விரலால் என் தோளைத் தொட்டு, "தென் வாட் இஸ் திஸ்?" என்றார்.

கயிறு. என் தோளில், சுருட்டிய சுருள் சுருளாகவே, கயிறு.

எனக்கு இங்கிலீஷ் நின்றது. தமிழும் நின்றது. அந்த நேரம் பார்த்து லொறி வளைவில் திரும்பியது. அலுமாரி மரியாதை தெரிந்த ஆள் மாதிரி முதலில் மெதுவாகக் குனிந்தது. அப்புறம் கதவு ரெண்டும் திறந்தது. அப்புறம் முழுசாகப் புரண்டு ரோட்டோரத் தேயிலையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் ஒரு கதவு பிணைச்சலோடு பிய்ந்து தனியாகப் போனது. சேலைகள் பறந்தன. பச்சை மலை முழுக்கச் சுகந்தியின் சிவப்பும் மஞ்சளும் நீலமும் விரிந்து கிடந்தன. உள்பாவாடைகளும்தான்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமைதானே, மலையில் ஆள் இருக்காது என்று நினைத்தீர்களா? லீவு நாளில் கிடைக்கிற கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க ஒரு பட்டாளமே நின்றது. அத்தனையும் மாப்பிள்ளையின் தோட்டத்துப் பொம்பளைகள். மதியம் கல்யாண வீட்டுக்கு வர வேண்டியவர்கள், பெண்ணின் சேலையை எல்லாம் தேயிலைச் செடி மேலேயே பார்த்துவிட்டார்கள்.

வேன் வந்து நின்றது. சுகந்தி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், மாலை போட்ட கழுத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமியார் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மஞ்சள் குங்குமத்தையாவது காப்பாற்றினார். மாமனார் வேனை விட்டு இறங்கி, லொறியில் ஏறிப் பார்த்து, இறங்கிப் பார்த்து, என் முன்னால் வந்து நின்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மருமகனே, கயிறு எங்க?"

நான் தோளைக் காட்டினேன்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மாலா வேன் வாசலில் நின்றாள். வட்டகொடையில் பார்த்த வெளிச்சத்தை அவள் கண்ணில் தேடினேன். இல்லை. வேறு ஒரு வெளிச்சம் இருந்தது, அதற்கு என்னிடம் தமிழிலும் வார்த்தை இல்லை.

காப்பாற்றியவர்கள் கொழுந்துக்காரப் பொம்பளைகள். "ஏம்மா பொண்ணு அழுவாத, மண்ணுகூடப் படல" என்று சொல்லிக்கொண்டே, கூடையில் இருந்த கொழுந்தை ஒரு படங்கை விரித்துக் கொட்டிவிட்டு, கொழுந்து எடுக்கிற அதே வேகத்தில் சேலைகளை எடுத்துக் கூடையில் போட்டார்கள். விடிகாலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்று பழகிய கால்களாயிற்றே, தானாகவே வரிசையில் நின்றார்கள். கூடையை முதுகில் போட்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, வரிசையாக மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்தார்கள். முன்னால் தாம்பாளத்தோடு மாமியார், பின்னால் கூடை கூடையாகப் பட்டுச் சேலை. தோட்டத்தில் அதுவரை யாரும் காணாத சீர்வரிசை.

வெள்ளைக்கார அம்மா ஃபோனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். "இது உங்கள் வழக்கமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ரீ என்கிற முதல் எழுத்துக்கூட வரவில்லை.

தேவராஜ்தான் முன்னால் வந்தார். கல்யாணப் பெண்ணின் சேலை முதலில் தேயிலையைத் தொட வேண்டும், பிறகு அந்தத் தோட்டத்துப் பெண்கள் கையால், கொழுந்துக் கூடையில், புகுந்த வீட்டுக்குப் போக வேண்டும், அது எங்கள் பக்கத்து நம்பிக்கை என்று, பொய் சொல்லியே பழக்கமில்லாத அந்த வாயால், நிதானமாக இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாலாவின் அக்கா எங்களுக்கு அதைத் தமிழில் சொன்னாள். வேனுக்குள்ளே இருந்து முதலில் சுகந்திதான் சிரித்தாள். அப்புறம் மாமியார், அப்புறம் மாமனார்கூட.

மாலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன அழகாச் சமாளிச்சாரு பாருங்க எங்க அத்தான்" என்றாள்.

யாரிடம் சொன்னாள் என்று கேட்காதீர்கள்.

நான் அலுமாரியோடு போனேன். இந்தத் தடவை கட்டிவிட்டுத்தான் போனேன். தாலி கட்டி முடிந்து எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளை வீட்டு உள் காம்பராவில் நான் தனியாகத் தரையில் உட்கார்ந்து, பிய்ந்த கதவைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன். கெட்டி மேளம் கேட்டதோடு சரி, தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. அந்த வெள்ளைக்காரர் இலையிலிருந்து எழுந்து வந்து, பேசாமல் கதவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். திருகாணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் கதவை ஆட்டிப் பார்த்து, "குட்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தக் கதவு இன்றைக்கு வரைக்கும் ஒரு நூல் இறங்கவில்லை.

அந்தப் படம் இப்போது பங்களா ஹோட்டலில் பெரிதாகத் தொங்குகிறது. 'தேயிலை மலையின் பாரம்பரியத் திருமணச் சடங்கு' என்று கீழே எழுதியிருக்கிறார்களாம். அதைப் பார்த்துவிட்டு அந்தத் தோட்டத்தில் அப்புறம் நடந்த கல்யாணங்களில் எல்லாம் சேலை கொழுந்துக் கூடையில்தான் போகிறது. போன தடவை போனபோது ஒரு பெரியவர், அவருடைய பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான் என்று எனக்கே விளக்கினார். நான் "அப்பிடியாங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

வீட்டில் கதை வேறு. எங்கள் குடும்பத்தில் யார் வாய் கொஞ்சம் நீண்டாலும், யாராவது ஒருவர் "தோள்ல பாரு" என்பார். பாவாடை நாடாவைக்கூடக் கட்டத் தெரியாத சுகந்தியின் மகள், என்னைப் பார்த்ததும் முதலில் என் தோளைத்தான் பார்க்கிறாள். யாரோ பழக்கி வைத்திருக்கிறார்கள்.

போன மாசம் தேவராஜ் எங்கள் கடைக்கு வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம். அங்கே இங்கே பார்த்தார். "கொஞ்சம் கயிறு வேணும் சகலை," என்றார். "கொடிக் கயிறு கட்டணும். போன கெழம நான் கட்டுனது அறுந்து... அறுந்துன்னு இல்ல, அவுந்து, துணி பூரா சாக்கடைக் கானுக்குள்ள போயிருச்சி. ஒங்க அக்கா ஒரே பேச்சு. தங்கச்சி புருஷன் ஒரு கதவ மாட்டுனா ஆயுசுக்கும் நிக்கிது, நமக்கு வாய்ச்சதுக்கு ஒரு முடிச்சு போட வரல, வாயி மட்டும் இருக்குன்னு." பிறகு குரலை இன்னும் இறக்கினார். "அந்த முடிச்ச எனக்குக் காட்டித் தாங்க. அவகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு ரொம்பப் பழக்கமான முகம். எத்தனையோ தடவை ஷேவ் எடுக்கும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். தங்கத்துக்கும் வயிறு எரிகிறது. அதுவும் என்னைப் பார்த்து. அந்த நிமிஷத்தில் அந்த மனுஷன் மேல் எனக்கு வந்த பாசத்தை என்னவென்று சொல்ல.

பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு வரவே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் ஒரு மாதிரி போட்டார், "தேங்ஸ் சகலை" என்றார், பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். கயிற்றைப் பையில் போடவில்லை. சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நான் ஓடிப்போய் ஃபோனை எடுத்தேன். சொல்லாதீர்கள் என்று அவர் கேட்டது அக்காவிடம்தானே, மாலாவிடம் இல்லையே. "மாலா, ஒங்க அத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போறாரு. நடு ரோட்டுல. தோள்ல கயிறோட," என்றேன். சிரிப்பில் எனக்கு மூச்சு வாங்கியது.

அந்தப் பக்கம் பாத்திரத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மாலா சொன்னாள்.

"அவரு தோள்ல போட்டா, அதுவும் ஒரு அழகாத்தாங்க இருக்கும்."